புக்கிட் தீமா ஒரு காலத்துல எரிமலைக்கு அடியில கெடந்துச்சு

2009 செப்டம்பர் 30, ஒரு புதன்கிழமை, சாயங்காலம் ஆறேகால் இருக்கும். சிங்கப்பூர் பூன் கெங்ல எங்க வீடு 14வது மாடி. அம்மா சாமி மாடத்துக்கு முன்னாடி நின்னு திரியத் தூண்டிக்கிட்டு இருந்தவங்க திடீர்னு சுவத்தப் புடிச்சுக்கிட்டு "டேய், அந்த பிரஷர் மாத்திரைய எடுடா, தல சுத்துது"ன்னாங்க. நான் எழுந்தேன், எனக்கும் சுத்துது. அப்பறம்தான் பாத்தோம், மாடத்துல சங்கிலியில தொங்கற பித்தள விளக்கு, காத்தும் இல்ல ஃபேனும் ஓடல, ஆனா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவா ஊஞ்சல் மாதிரி போயிட்டு வருது. கதவத் தொறந்தா பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி கையில கரண்டியோட காரிடார்ல நிக்கறாங்க. ரெண்டு வீட்டுக்காரங்களும் படியில எறங்கி கீழ போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் அடங்கிப் போச்சு.

அன்னிக்கு நெசமா ஆடுனது சுமத்ராவுல இருக்கற பாடாங். ரிக்டர்னு நாம பழக்கத்துல சொல்ற அளவுல 7.6, அங்க ஆயிரம் பேருக்கு மேல செத்துப்போனாங்க. நமக்கும் பாடாங்குக்கும் நடுவுல 450 கிலோமீட்டருக்கு மேல இருக்கு, ஆனாலும் எங்க வீட்டு விளக்கு ஆடுது. இங்க எல்லாரும் சொல்ற ஒரு வசனம் உண்டு, "சிங்கப்பூருக்கு எரிமலையும் இல்ல, நிலநடுக்கமும் இல்ல, நாம குடுத்து வச்சவங்க". இன்னிக்கு நெலவரத்துக்கு அது பெரும்பாலும் சரிதான், நான் இல்லேங்கல. ஆனா நாம நிக்கற இந்தப் பாறையே ஒரு எரிமல வரிசையோட மிச்சம், இப்ப சுமத்ரா படற பாட்ட நாம 24 கோடி வருஷத்துக்கு முன்னாடியே பட்டு முடிச்சுட்டோம், அவ்ளோதான் வித்தியாசம்.

புக்கிட் தீமா உச்சிக்கு ஏறாத சிங்கப்பூர்க்காரங்க கம்மி. 163 மீட்டர், அதுதான் நம்ம நாட்டோட 'மலை', ஊர்லேர்ந்து வர்ற சொந்தக்காரங்க கேட்டுட்டு சிரிப்பாங்க. எனக்கு உச்சிய விட அடிவாரத்துல இருக்கற பழைய கல்குவாரிங்கதான் புடிக்கும், ஹிண்ட்ஹீட் பக்கமும் டெய்ரி ஃபார்ம் பக்கமும், செங்குத்தா வெட்டி விட்ட பாறச் சுவரு, கீழ பச்சத் தண்ணி. ஒடஞ்சு கெடக்கற கல்லு ஒண்ண குனிஞ்சு பாருங்க, பையில போட்டுட்டு வந்துடாதீங்க, அப்பறம் அபராதம் கட்டணும். வெள்ளையும் சாம்பலும் கறுப்புமா அரிசி அளவுக்குப் பரல் பரலா இருக்கும். கண்ணாடி மாதிரி தெரியறது குவார்ட்ஸ், பால் வெள்ளையா இருக்கறது ஃபெல்ட்ஸ்பார், கறுப்பா மினுங்கறது பயோட்டைட். மூணும் சேந்தா கிரானைட். பரல் கண்ணுக்குத் தெரியற அளவுக்கு பெருசா இருக்குன்னாலே ஒண்ணு நிச்சயம், இந்தக் கொழம்பு வெளிய வந்து படக்குனு ஆறுனது இல்ல, கிலோமீட்டர் கணக்கான ஆழத்துல நிதானமா ஆறியிருக்கு. கல்கண்டு காய்ச்சறவங்களுக்குத் தெரியும், பாக மெதுவா ஆற விட்டாத்தான் பெரிய கட்டி கெடைக்கும், அவசரப்பட்டா பொடியாத்தான் வரும். மேல எரிமலைங்க பொகஞ்சுக்கிட்டு இருந்தப்ப அதுங்களோட அடிவயித்துல தேங்கிக் கெடந்த கொழம்புதான் இது. மேல இருந்ததையெல்லாம் மழையும் ஆறும் அரிச்சு அரிச்சுக் கொண்டு போயிடுச்சு, வயிறு மட்டும் மிச்சம்.

உபின் தீவுலயும் கிரானைட்தான், அத வெட்டித்தான் 1851ல பெட்ரா பிராங்காங்கற பாறத் தீவுல ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தக் கட்டி முடிச்சாங்க. சிங்கப்பூரோட தென்மேற்குல, லாப்ரடார் பார்க்லயும் செந்தோசாவுல சிலோசோ பக்கமும் சாஞ்சு சாஞ்சு அடுக்கா தெரியற பாறைங்க வேற ஜாதி, அதுங்க அந்தக் காலத்துக் கடல்லயும் கரையிலயும் மண்ணும் எரிமலச் சாம்பலும் படிஞ்சு இறுகுனது. ஜூரோங்ல கடலுக்கு அடியில 130 மீட்டர் ஆழத்துல எண்ணெய் வைக்கறதுக்கு குக வெட்டியிருக்காங்களே, அந்தப் பாறைக்குள்ளதான்.

சரி, இங்க எரிமல எதுக்கு வந்துச்சு? ஒரு கடல் செத்துச்சு, அதான்.

இதுக்கு கொஞ்சம் அடிப்படையிலேர்ந்து வரணும். பூமியோட மேல் ஓடு ஒரே துண்டு இல்ல, சுமார் 100 கிலோமீட்டர் தடிமனுக்கு பெருசும் சிறுசுமா பல தட்டுங்க, அதுமேல கண்டமும் கடல் தரையும் சேந்தே உக்காந்திருக்கு. கண்டம் மட்டும் கப்பல் மாதிரி கடல்ல மெதந்து போகுதுன்னு நெனைக்கறது தப்பு, கடல் தரையும் சேந்துதான் போகுது. இன்னொரு தப்பும் பரவலா இருக்கு, நானே ஸ்கூல்ல அப்படித்தான் புரிஞ்சு வச்சிருந்தேன், அடியில முழுக்க நெருப்புக் கொழம்பு கடல் மாதிரி கெடக்கு அதுமேல தட்டு மெதக்குதுன்னு. இல்ல. அடியில இருக்கறது கெட்டிப் பாறைதான், ஆனா சூட்டுல அது ரொம்ப ரொம்ப மெதுவா இழையும். ரோடு போடற தார்க் கட்டிய பாத்திருப்பீங்க, சுத்தியால அடிச்சா சில்லு சில்லா தெறிக்கும், அதையே வெயில்ல ஒரு மாசம் விட்டா தானா பரவித் தட்டையாயிடும். கெட்டியாவும் இருக்கலாம், ஓடவும் செய்யலாம், நேரம் எவ்ளோ குடுக்கறோம்ங்கறதுதான் கணக்கு.

தட்ட எது இழுக்குது? நடுக்கடல்ல மலைத்தொடர் ஒண்ணு இருக்கு, உலகத்தையே சுத்தி சுமார் 65,000 கிலோமீட்டர். அங்க தட்டு ரெண்டா விலகுது, விலகுன எடத்துல கீழேர்ந்து கொழம்பு வந்து புதுக் கடல் தரையா உறையுது. புதுசு சூடா லேசா இருக்கும், விலகிப் போகப் போக ஆறி கனமாகும், கடைசியில ஏதோ ஒரு ஓரத்துல அடியில மூழ்க ஆரம்பிக்கும். அப்படி மூழ்கற துண்டோட கனம்தான் மொத்தத் தட்டையும் இழுக்கற பெரிய சக்தின்னு இப்ப பெரும்பாலான ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. எங்க பாட்டி துவச்ச ஒம்போது கெஜம் சேலைய ஜன்னலுக்கு வெளிய மூங்கில் கழியில போடறப்ப ரெண்டு பக்கமும் சமமா தொங்குதான்னு ஒண்ணுக்கு ரெண்டு தடவ பாப்பாங்க. ஒரு பக்கம் கொஞ்சம் நீளமா விழுந்துட்டா போதும், ஈரத்தோட கனமே மிச்சத்த சரசரன்னு இழுத்துக்கிட்டுப் போயி பத்து மாடி கீழ யார் தலையிலயாவது விழும். கடல் தரைக்கும் அதே கதிதான், யாரும் பின்னாடி நின்னு தள்ள வேண்டியதில்ல.

அதனாலதான் கடல் தர எப்பவும் இளசு. கண்டத்துல 400 கோடி வருஷப் பாற கெடைக்குது, ஆனா பெருங்கடல்ல தரைய எங்க தோண்டுனாலும் பெரும்பாலும் 18 கோடி வருஷத்துக்கு மேல போகாது, பழசெல்லாம் உள்ள போயிடுச்சு. கண்டம் லேசு, மெதப்பு, அமுக்குனாலும் போகாது. கடல் தர போகும்.

இத நம்ப வைக்க எவ்ளோ கஷ்டப்பட்டாங்கங்கறது தனிக் கத. ஆல்ஃபிரட் வேகனர், ஜெர்மன்காரரு, வானிலை ஆராய்ச்சி பண்றவரு, 1912ல கண்டங்க நகருதுன்னு சொன்னாரு. ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஓரத்துக்கு ஓரம் பொருந்தறது மட்டும் இல்ல, ஒரே செடியோட ஒரே பிராணியோட எலும்பும் தடமும் ரெண்டு கரையிலயும் இருக்குன்னு காட்டுனாரு. எது நகர்த்துதுன்னு கேட்டாங்க, அவருகிட்ட சரியான பதில் இல்ல, சிரிச்சுட்டாங்க. 1930ல கிரீன்லாந்துல பனியிலயே செத்தாரு, வயசு 50. அப்பறம் 1950கள்ல நியூயார்க்ல மேரி தார்ப்னு ஒரு பொண்ணு, அப்ப பொம்பளைங்கள ஆராய்ச்சிக் கப்பல்ல ஏத்தமாட்டாங்க, அதனால ஆம்பளைங்க கொண்டு வந்து குடுத்த ஆழக் கணக்கையெல்லாம் டேபிள்ல உக்காந்து வரைஞ்சுக்கிட்டு இருந்தவங்க, அட்லாண்டிக் நடு மலைத்தொடர் உச்சியில நீளத்துக்கும் ஒரு பள்ளம் ஓடுதுன்னு கண்டுபுடிச்சாங்க. கூட வேல செஞ்ச புரூஸ் ஹீசன் மொதல்ல "பொம்பளப் பேச்சு"ன்னு தள்ளிட்டாரு. நிலநடுக்கம் வந்த எடங்களப் புள்ளி வச்ச இன்னொரு படத்த அதுமேல வச்சுப் பாத்தா புள்ளியெல்லாம் அந்தப் பள்ளத்துக்குள்ளயே விழுது. அதுக்கப்பறம் அவரால பேச முடியல.

முடிச்சப் போட்டது காந்தம். கடல் தரை எரிமலக் கொழம்பு ஆறும்போது அதுக்குள்ள இருக்கற இரும்புத் துகளெல்லாம் அப்ப பூமியோட வடக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பாத்து உறைஞ்சிடும். பூமியோட காந்தம் அப்பப்ப தலைகீழா மாறும், கடைசியா நெலச்சு மாறுனது சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி. அதனால கடல் தரையில நேர், தலைகீழ், நேர், தலைகீழ்னு பட்ட பட்டையா பதிஞ்சிருக்கு, அதுவும் மலைத்தொடருக்கு ரெண்டு பக்கமும் கண்ணாடியில பாத்த மாதிரி ஒரே கணக்குல, ஒரே மைக்ல ரெண்டு கேசட்ட சேத்து ரெக்கார்ட் பண்ணி ஒண்ண இடது பக்கமும் ஒண்ண வலது பக்கமும் இழுத்து விட்ட மாதிரி. இத 1963ல ஃபிரெட் வைனும் டிரம்மண்ட் மேத்யூஸும் எழுதுனாங்க. பட்டையோட அகலத்த வச்சு வேகமே கணக்குப் போடலாம். அட்லாண்டிக் வருஷத்துக்கு சுமார் ரெண்டர சென்டிமீட்டர் விரியுது, நம்ம நகம் வளர்றத விட கொஞ்சம் கம்மி.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். இந்தியா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா எல்லாம் ஒட்டிக் கெடந்த கோண்ட்வானாங்கற பெரிய நிலத்துலேர்ந்து துண்டு துண்டா பிஞ்சு வடக்க வந்து ஒட்டுன கந்தல்தான் மொத்தத் தென்கிழக்காசியாவும். மலேசியத் தீபகற்பமே ரெண்டு துண்டு ஒட்டுனது. லங்காவிக்கு லீவுக்குப் போறோமே, அங்க சில களிமண் பாறைக்குள்ள சம்பந்தமே இல்லாத கூழாங்கல்லுங்க பதிஞ்சு கெடக்கும், அது மெதந்து வந்த பனிக்கட்டி உருகறப்ப கடல் தரையில போட்டுட்டுப் போன கல்லு. லங்காவியில பனிக்கட்டி! அந்தத் துண்டு அப்ப தென் துருவப் பக்கம் இருந்துச்சு. கிழக்குத் துண்டு, அதுலதான் நாம இருக்கோம், முன்னாடியே பிஞ்சு வந்துடுச்சு. ரெண்டுக்கும் நடுவுல பேலியோ டெத்திஸ்னு ஒரு பெருங்கடல். அந்தக் கடலோட தர கிழக்குத் துண்டுக்கு அடியில மூழ்க ஆரம்பிச்சுச்சு. மூழ்கற தர ஈரத்தையும் சேத்து உள்ள கொண்டு போகும், 100 கிலோமீட்டர் ஆழம் வர்றப்ப சூட்டுல அந்தத் தண்ணி பிரிஞ்சு மேல இருக்கற பாறைக்குள்ள ஏறும், ஐஸ்ல உப்பு போட்டா குளிர்லயே உருகற மாதிரி தண்ணி பட்ட பாற அந்தச் சூட்டுலயே உருகிடும். அந்த உருகல் மேல வந்துதான் எரிமல. அதுல ஆழத்துலயே தங்கிப் போனதுதான் புக்கிட் தீமா.

கடைசியில கடல் முழுக்க மூடி மேற்குத் துண்டும் கிழக்குத் துண்டும் இடிச்சு ஒட்டிக்கிச்சு. தையல் போட்ட எடம் எங்கன்னா பகாங்ல, பெந்தோங், ரவூப் வழியா வடக்கு தெக்கா ஓடுது. ஆமா, மூசாங் கிங் துரியானுக்காக காரப் போட்டுக்கிட்டுப் போறோமே அதே ரவூப். அங்க மலையில ஆழ்கடல் நுண்ணுயிரோட ஓடுங்க படிஞ்ச பாற கெடைக்குது, ஒரு பெருங்கடலுக்கு மிச்சம் அவ்ளோதான். துரியான் தின்னுட்டு வர்றவங்க யாரும் அதக் கவனிக்கறதில்ல, நானும் ரெண்டு தடவ கவனிக்கல.

கிரானைட்டுக்கு மாரடிச்சுட்டு நம்ம பூர்வீகத்த விட்டுட்டேன்னு சொல்லுவீங்க. இந்தியா பிஞ்சு வந்ததுதான் இதுல ரொம்ப வேகமான பயணம், ஒரு கட்டத்துல வருஷத்துக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல. வழியில சுமார் 6 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி தக்காணத்துல கொழம்பு கொட்டித் தீத்துச்சு. அந்த சூட்டுக்குக் காரணமான எடம் பூமிக்கடியில அப்படியே நிக்குது, தட்டுதான் மேல நகந்து போச்சு, எரியற ஊதுபத்திக்கு மேல துணிய இழுத்தா வரிசையா கருகற மாதிரி லட்சத்தீவு, மாலத்தீவு, மொரிஷியஸ்னு தடம் விழுந்து இப்ப ரீயூனியன் தீவுல எரியுது. சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்தியா ஆசியாவுல போயி இடிச்சு, இன்னும் இடிச்சுக்கிட்டே இருக்கு, எவரெஸ்ட் உச்சியில கடல் பிராணிங்க பதிஞ்ச சுண்ணாம்புக்கல்லு இருக்கறது அதனாலதான். சென்னையில ப்ளேன் எறங்கறப்ப பல்லாவரம் குன்று தெரியும் பாருங்க, அந்த சார்னோக்கைட் வகைப் பாற கிழக்கு அண்டார்டிகாவுலயும் கெடக்கு.

இங்கதான் எங்க பெரியப்பா வருவாரு. செம்பவாங்ல இருக்காரு, குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல மாசத்துக்கு ஒரு தடவ குமரிக்கண்டம் மேப் அனுப்புவாரு, இந்தியப் பெருங்கடல் முழுக்க மஞ்சக் கலர்ல ஒரு கண்டம். நான் ஏதாவது சொன்னா "தம்பி, படிச்சவன்தானே நீ, நம்ம பெருமைய நீயே மறுத்தா எப்படி?"ம்பாரு. மறுக்கல பெரியப்பா, பிரிச்சுப் பாக்கறேன். குமரிக்கண்டத்தோட சேத்துச் சொல்ற லெமூரியாங்கற பேர 1864ல வச்சது ஃபிலிப் ஸ்கிளேட்டர்ங்கற வெள்ளக்காரரு, லெமூர் வகைப் பிராணிங்க மடகாஸ்கர்லயும் இந்தியாவுலயும் இருந்ததா நெனச்சு, நடுவுல நெலம் இல்லாம எப்படிப் போச்சுன்னு ஒரு கண்டத்தக் கற்பன பண்ணாரு. கண்டமே நகரும்னு அப்ப யாருக்கும் தெரியாது. தெரிஞ்சதும் அந்தக் கண்டத்துக்கு வேலையே இல்லாமப் போச்சு. இந்தியப் பெருங்கடல் தரைய அளந்தாச்சு, பட்டையெல்லாம் எண்ணியாச்சு, பெரும்பகுதி இளம் எரிமலப் பாற, மூழ்கிப் போன பெரிய கண்டம் இல்ல. சின்னத் துண்டு உண்டு. மொரிஷியஸ் தீவே 90 லட்சம் வருஷம் பழசுதான், ஆனா அங்க எரிமலக் கல்லுக்குள்ள 300 கோடி வருஷ சிர்கான்ங்கற கனிமத் துணுக்குங்க இருந்தத 2017ல எழுதுனாங்க, அதாவது அடியில இழுபட்டு மெலிஞ்ச கண்டத் துண்டு ஒண்ணு இருக்கு. மெலிஞ்சா கண்டமும் தண்ணிக்குள்ள போகும். ஆனா அதெல்லாம் மனுஷன் பொறக்கறதுக்குக் கோடிக்கணக்கான வருஷம் முந்தி.

ஆனா கடல்கோள்னு நம்ம ஆளுங்க ஞாபகம் வச்சிருக்கறது பொய்யின்னு நான் சொல்லமாட்டேன். 20,000 வருஷத்துக்கு முன்னாடி கடல் இப்பத்த விட சுமார் 120 மீட்டர் கீழ இருந்துச்சு. இலங்கைக்கு நடந்தே போகலாம். இங்கேர்ந்து சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் நடந்தே போகலாம். பனி உருகி கடல் ஏற ஏற அந்தச் சமவெளியெல்லாம் போச்சு. தட்டு நகர்றதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல, ரெண்டையும் ஒண்ணாக் கொழப்பறதுலதான் எனக்கும் பெரியப்பாவுக்கும் சண்ட.

கடல் அப்படி ஏறுனப்ப காலாங் ஆத்து வாயெல்லாம் புகுந்து சேறு படிஞ்சுச்சு, கன்ஸ்ட்ரக்‌ஷன்ல வேல பாக்கறவங்க 'மெரைன் கிளே'ன்னு தலையில அடிச்சுக்குவாங்களே, அதே கொழகொழக் களிமண்ணு. எங்க ப்ளாக் அதுமேலதான். இப்ப விளக்குக்கு வரலாம். சுமத்ராவுக்கு மேற்க, இங்கேர்ந்து சுமார் 700 கிலோமீட்டர்ல, இந்திய ஆஸ்திரேலியத் தட்டு வருஷத்துக்கு சுமார் 5 சென்டிமீட்டர் உள்ள போகுது. பாடாங்ல அன்னிக்கு ஒடஞ்சது அப்படி உள்ள போயிட்ட துண்டே, 80 கிலோமீட்டர் ஆழத்துல. கிட்டக்க இருக்கறவங்களுக்கு படபடன்னு குலுக்கும், தூரத்துக்கு வர வர அந்த வேகமான அதிர்வெல்லாம் அடங்கி நீளமா மெதுவா ஆடற அலைங்க மட்டும் வந்து சேரும். அந்த மெதுவான ஆட்டத்த களிமண்ணு கிண்ணத்துல இருக்கற ஜெல்லி மாதிரி பெருசாக்கும், உயரமான கட்டடத்துக்கும் இயல்பாவே அதே மாதிரி மெதுவான ஆட்டம்தான், ரெண்டும் ஒத்துப் போயிடும். அதனாலதான் புக்கிட் தீமா பக்கம் தரவீட்டுல இருக்கறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பூன் கெங்ல 14வது மாடியில அம்மா பிரஷர் மாத்திர கேக்கறாங்க.

எப்ப பெருசா ஒடையும்னு யாராலயும் தேதி சொல்ல முடியாது, ஆனா பழைய கணக்க பவளம் எழுதி வச்சிருக்கு. சுமத்ராவுக்கு வெளிய நியாஸ், மெந்தாவாய் தீவுங்கள்ல வட்டப் பவளக் கட்டிங்க உண்டு, தண்ணி எறங்கற மட்டத்துக்கு மேல அதால வளர முடியாது, வருஷத்துக்கு ஒரு வளையம் போடும். தீவு அமுங்குனா பவளம் மேல வளரும், நிலநடுக்கத்துல தீவு எழும்புனா தலைப்பாகம் வெயில்ல காஞ்சு செத்துடும். கெர்ரி சீயும் அவரு கூட இருந்தவங்களும் இத அறுத்து அறுத்து எண்ணிப் பாத்தாங்க, அவருதான் பின்னாடி நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல எர்த் அப்சர்வேட்டரி ஆஃப் சிங்கப்பூர் ஆரம்பிச்சு நடத்துனவரு. 2005 மார்ச்ல நியாஸோட மேற்குக் கர ஒரே ராத்திரியில கிட்டத்தட்ட 3 மீட்டர் எழும்பி நின்னுச்சு. அதுக்கு முந்துன 2004 டிசம்பர் 26ல சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு தட்டோட ஓரம் கிழிஞ்சப்ப தாய்லாந்துல இருக்கற புக்கெட் கால் மீட்டருக்கு மேல மேற்க இழுபட்டுப் போச்சு, ஜி.பி.எஸ்ல பதிவாயிருக்கு. நாகப்பட்டினத்துல என்ன நடந்துச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பாடாங்குக்கு நேரா இருக்கற மெந்தாவாய்த் துண்டு 1797லயும் 1833லயும் பெருசா ஒடஞ்சிருக்கு, 2007ல கொஞ்சம் மட்டும் விட்டுச்சு, மிச்சம் இன்னும் இறுகிக் கெடக்கு.

2012 ஏப்ரல் 11 இன்னும் வினோதம். 8.6, ஆனா ஓரத்துல இல்ல, தட்டோட நடுவுலயே, கடலுக்கடியில பக்கவாட்டுல கிழிஞ்சுச்சு. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே தட்டா இருந்தது ரெண்டா பிரிஞ்சுக்கிட்டு இருக்குங்கறதுக்கு அது ஒரு சாட்சின்னு சொல்றாங்க. அன்னிக்கு சாயங்காலம் நாலரைக்கு மேல இங்க விளக்கு ஆடுது, அம்மா இந்தத் தடவ மாத்திர கேக்கல, நேரா மாடத்தப் பாத்துட்டு போன எடுத்து சென்னையில சித்திக்குப் போட்டாங்க. சித்தி மத்தியானத் தூக்கத்துலேர்ந்து எழுந்து தெருவுல நிக்கறாங்களாம், அவங்க ப்ளாட்லயும் ஃபேன் தானா ஆடுச்சாம்.